கராஜ் என்று பதிந்த இலக்கம்

ஜூன் 1, ஞாயிறு

விடிந்ததிலிருந்து காற்று. யார் வீட்டுத் தகரமோ அடித்துக்கொண்டே இருக்கிறது. பூசைக்கு முன் காரைத் துடைத்தேன். வாங்கி ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் பின்கதவில் கீறல். யார் வேலை என்று தெரியவில்லை. தெரியாமல் இருப்பதே அவனுக்கு நல்லது.

கோவிலில் சில்வியாவுக்கு முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். அக்காவின் ஒரே மகள், தகப்பன் இல்லாத பிள்ளை. மாப்பிள்ளைக்கு ஊர் பசறை. இன்னும் இரண்டு ஞாயிறு வாசித்த பின் 28ஆம் திகதி கல்யாணம். பெயர் வாசித்தபோது அக்கா முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். மிகவும் மெலிந்துவிட்டாள்.

அக்காவின் வயிற்றுக்குள் குழாய் விட்டு எடுத்த சதையின் பரிசோதனை முடிவு இந்த வாரம் வரும். அவளிடம் அல்சர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எது வந்தாலும் எனக்கு மட்டும் சொல்லுங்கள் என்று டொக்டரிடம் கேட்டுக்கொண்டாயிற்று. எங்கள் குடும்பத்து வழக்கம் அது. அப்பாவுக்கும் கடைசி வரை வாயு என்றுதான் சொன்னோம்.

ரோஸிக்கு இது பிடிக்கவில்லை. "அவங்க வயித்துல என்ன இருக்குன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?" கட்டிய மனைவிக்குப் பதில் சொல்ல முடியாத நாட்களில் காரைத் துடைப்பது நல்லது.

ஜூன் 2, திங்கள்

பாடசாலை. எட்டாம் வகுப்பு விடைத்தாள் பாதிதான் முடிந்தது.

காரில் ஒரு சங்கடம். வயர் எதுவும் வேண்டாம். ஏறி ஸ்டார்ட் செய்ததும் என் போன் தானாகக் காரோடு சேர்ந்துகொள்கிறது. யார் எடுத்தாலும் நடுத்திரையில் பெயர் பெரிதாக விழுகிறது, பேச்சு கார் முழுக்கக் கேட்கிறது. வாங்கிய புதிதில் பெருமை. ஆளாளுக்கு ஏற்றிக் காட்டினேன். நாளைக்கு அக்கா பக்கத்தில் இருக்கும்போது டொக்டர் எடுத்தால்?

டொக்டரின் இலக்கத்தை 'கராஜ்' என்று மாற்றிப் பதிந்தேன். எடுத்தால் இறங்கி நின்று பேசலாம். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

அரை நாள் லீவு. அக்காவோடு பதுளை டவுன்.

சேலை
சில்வியாவுக்கு வெள்ளைச் செருப்பு
அக்காவின் மாத்திரை
ரோஸி சொன்ன பூரான் மருந்து (மறந்துவிட்டேன்)

அக்கா எடுத்தது மாம்பழ நிறம். கடைக்கார முஸ்லிம் நானா, "உங்களுக்கு நல்லா இரிக்கு, தாயும் கொஞ்சம் ஜோரா நிக்கத்தானே வேணும்" என்றார். அக்கா வெட்கப்பட்டாள்.

திரும்பும்போது அக்காவின் ஸ்பிரிங்வெளித் தோட்டத்து ஏற்றத்தில், திரையில் 'கராஜ்'. காரை ஓரங்கட்டினேன். எஞ்சினை அணைக்கவும் தோன்றவில்லை. போனை அழுத்திக்கொண்டே இறங்கிக் கதவைச் சாத்தினேன். "ஹலோ, ஹலோ." ஒரு சத்தமும் இல்லை. காற்று வேறு காதை அடைத்தது. காருக்குப் பின்னால் நின்று போனை உயர்த்திப் பார்த்தேன், தாழ்த்திப் பார்த்தேன். அந்தப் பக்கம் சிக்னல் எப்போதும் அப்படித்தான், லயத்து வரிசை வீட்டு ஆட்கள் பேசுவதற்கென்றே மேடு ஏறுவார்கள். நானும் ஏறினேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் டொக்டரின் குரல்.

"ஹலோ? இப்ப யாரு பேசுறது?"

"நான்தான் டொக்டர். இப்பதான் கேக்குது."

முதலிலிருந்து சொன்னார். புற்று. இரைப்பையில். பரவியதாகத் தெரியவில்லை. இரண்டு வாரத்துக்குள் வெட்டி எடுத்தால் நம்பிக்கை உண்டு, தள்ளிப்போடக் கூடாது.

தேயிலைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். பிறகு துடைத்துக்கொண்டு இறங்கி வந்தேன். அக்கா சேலைப் பார்சலை மடியில் வைத்து நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கராஜ்காரன் என்ன சொல்றான்?"

"ஒன்னுமில்லக்கா. சர்வீசுக்குக் கொண்டுவரச் சொல்றான்."

"ம்."

வீடு வரை பேசவில்லை. வளைவு ரோடு அவளுக்கு ஒத்துக்கொள்ளாது.

ஜூன் 5, வியாழன்

பாடசாலை விட்டதும் அக்காவின் லயத்து வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் ஒத்திகை. அல்சர் பெரிதாகிவிட்டது, சின்ன ஒப்பரேஷன்தான், அடுத்த வாரமே போவோம் என்றேன்.

"கல்யாணம் முடியட்டும்."

"அதுவரைக்கும் வச்சிருக்கக் கூடாதாம் அக்கா."

"அல்சருக்கு என்னடா அவசரம்? மேட்டு லயத்து ராணி எத்தன வருசமா அல்சரோட திரியிறா. செத்தா போயிட்டா?"

அல்சர் என்றவன் நான். என் பொய்யை வைத்தே என்னை மடக்குகிறாள். பிடிவாதக்காரி. தேநீர் குடிக்காமல் வந்துவிட்டேன்.

ரோஸி: "உண்மையச் சொன்னா வருவாங்க."

நான்: "சொன்னா உடைஞ்சிருவா."

ரோஸி: "உடைய மாட்டாங்க. நீங்கதான் உடைவீங்க."

ஜூன் 8, ஞாயிறு

இரண்டாம் ஓலை. பூசை முடிந்ததும் அக்கா கோவிலுக்குப் பின்னால் வாந்தி எடுத்தாள். ரொட்டி ஒத்துக்கொள்ளவில்லையாம். சில்வியா முதுகைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் செருப்பைப் பார்த்தேன்.

மறுபடி கேட்டேன், கெஞ்சினேன், கத்தியும் பார்த்தேன். "எதுக்குடா இப்படிப் பறக்குற?" என்றாள். கார்ச் சாவியைத் தேடினேன். கோழை. நாள் போய்க்கொண்டிருக்கிறது.

ஜூன் 11, புதன்

இடைவேளையில் டொக்டருக்கு எடுத்தேன். அக்கா வர மறுக்கிறாள், கொஞ்சம் தள்ளலாமா என்று கேட்டேன். அவருக்குக் கோபம்.

"தள்ள ஏலாதுன்னு உங்க வைஃப்கிட்டயும் சொன்னேனே."

"ரோஸியோட எப்ப பேசினீங்க?"

"அன்னைக்கு உங்களுக்கு முந்தி ஒரு லேடி பேசினாங்களே. ரிசல்ட் எல்லாம் சொன்னேன். அமைதியா கேட்டுட்டு, இருபத்தெட்டாந்திகதி வரைக்கும் தாங்குமான்னு மட்டும் கேட்டாங்க. ஏலாதுன்னேன். பொறகு நீங்க வந்துட்டீங்க."

அன்று ரோஸி வேலையில். காரில் இருந்தது அக்கா மட்டும்.

மாலை வீட்டு வாசலில் சோதித்துப் பார்த்தேன். ரோஸியைக் காருக்குள் உட்காரவைத்து, எஞ்சினை ஓடவிட்டு, நான் போனோடு வெளியே. தம்பிக்குப் போன் எடுத்தேன். என் காதில் ஒன்றுமில்லை. ரோஸி கண்ணாடியை இறக்கினாள். "உங்க தம்பி இங்க உள்ளுக்குள்ள கத்துறாரு." கதவைச் சாத்தினால் முடிந்தது என்று நினைத்தவன் நான். கார் விடவில்லை, போனைப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான் மேடு ஏறிய பிறகுதான் கை நழுவியிருக்கிறது.

முழுதும் கேட்டுவிட்டு, கராஜ்காரன் என்ன சொல்றான் என்று என்னிடம் கேட்டிருக்கிறாள்.

படியில் உட்கார்ந்து அழுதேன். ரோஸி தேநீர் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஜூன் 12, வியாழன்

லீவு. ஸ்பிரிங்வெளி. அக்கா பகல் பறித்த கொழுந்தை நிறுக்கக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள், இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். சில்வியா கடைக்குப் போயிருந்தாள்.

"அக்கா, உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா அல்சர் அல்சர்னு என்கூட மல்லுக்கு நின்ன?"

"நீதானே அல்சருன்ன." படங்கை மடித்து வைத்தாள். "நீ வாயத் தொறக்காத வரைக்கும் எனக்கு அல்சர்தான்டா. அல்சர்காரி மக கல்யாணத்துல சேலை கட்டி நிக்கலாம். மத்ததுன்னு ஆயிருச்சுன்னா தூக்கிட்டுப் போயிருவீங்க. இன்னும் கொஞ்ச நாளுதானே. நீ சும்மா இரு. உன்னைக் கும்பிடுறேன்."

என் அக்கா என்னைக் கும்பிடுகிறாள். நான் சும்மா இருந்தால் அந்தச் சேலையைக் கட்டுவாள். அதற்குப் பிறகு?

சொன்னேன். "கேன்சர் அக்கா. உனக்கு கேன்சர். நாளைக்கே போகணும்."

என் தோளில் ஓங்கி ஒரு அடி. "சொல்லிட்டியேடா, பாவி." அப்புறம்தான் அழுதாள். இத்தனை நாளாக அழாததையெல்லாம் சேர்த்து, முழங்காலில் தலையை வைத்து அழுதாள். நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

வாசலில் சில்வியாவின் செருப்புச் சத்தம். அக்கா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"நீ போய் கார்ல இரு. அவகிட்ட நான் சொல்லிக்கிறேன். உன்கிட்ட விட்டா, அவ பேத்தி எடுக்குற வரைக்கும் அல்சர்னுதான் சொல்லிக்கிட்டு கெடப்ப."