அன்புள்ள அக்கா

மார்ச் 4
கொக்கின் கால் இன்றும் சரியாக வரவில்லை. குழந்தைகளுக்கான பறவைப் புத்தகம். எட்டு மாதமாக வரைகிறேன். படங்கள் எல்லாம் கணினியில்தான். இந்த மாதக் கடைசியில் பதிப்பகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். இவர் எட்டிப் பார்த்து, "கொக்கா, ஒட்டகமா?" என்றார். இன்று அவருக்குக் காபி கிடையாது.

தம்பி இன்றும் கூப்பிடவில்லை. ஒரு வயதுதான் சின்னவன். ஒருமுறைகூட என்னை அக்கா என்று அழைத்ததில்லை. போன மாதம் விருந்தாளிகள் முன்னால் 'பூசணி' என்றான். "அக்கான்னு கூப்பிடுறதா இருந்தா பேசு" என்று சொல்லிவிட்டேன். பேசவே இல்லை. ரோஷக்காரன்.

மார்ச் 9
காலையில் கொக்கின் காலை மாற்றி வரைந்தேன். பரவாயில்லை.

தம்பியிடமிருந்து மின்னஞ்சல்! 'அன்புள்ள அக்கா, பழைய புகைப்படங்கள் கிடைத்தன. இணைப்பைத் திறந்து பார்க்கவும்.' அக்கா! கண் கலங்கிவிட்டது. உடனே திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

மாலை
போச்சு. எல்லாம் போச்சு. கொக்கு, மைனா, மரங்கொத்தி — எதுவும் திறக்க மாட்டேங்குது. பணம் கட்டினால்தான் திறந்துவிடுவார்களாம், திரை முழுக்க மிரட்டல். எதுக்குத் தொட்டேன் நான்?

வெட்கத்தை விட்டுத் தம்பியைக் கூப்பிட்டேன். மருத்துவமனையில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை அவனுக்கு. "நான் எதுவும் அனுப்பலியே! முதல்ல இன்டர்நெட்டைப் பிடுங்கு. பணம் கட்டிடாதே. காலைல வரேன்."

மார்ச் 10
வந்ததும் அனுப்பியவரின் முகவரியைக் காட்டினான். பெயர் மட்டும் அவனுடையது, முகவரி வேறு யாருடையதோ.

"என் பிறந்தநாளுக்கு 'அருமைத் தம்பிக்கு'ன்னு ஊரே பாக்குற மாதிரி ஃபேஸ்புக்ல வாழ்த்து போட்டியே, அதை வச்சு எவனோ எழுதியிருக்கான். நான் என்னிக்குடி உன்னை அக்கான்னேன்? அதுலயே தெரிய வேணாம்?"

"அதுக்காகத்தான்டா திறந்தேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்தான். பிறகு, "டிஸ்க் எங்க?" என்றான்.

அவன் வாங்கித் தந்த டிஸ்க். ஞாயிறுதோறும் எல்லாவற்றையும் அதில் பிரதி எடு, எடுத்ததும் கழற்றி வை என்று என்னை நச்சரித்தவன் அவன்தான். சண்டைக்குப் பிறகும் அந்தப் பழக்கத்தை நான் விடவில்லை. புடவைகளுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கணினியில் இருந்ததை முழுக்க அழித்துவிட்டு, சாயங்காலம் டிஸ்கைச் செருகினான். மைனா வந்தது. மரங்கொத்தி வந்தது. அழுதேவிட்டேன். நல்லா இருக்கணும் அவன்.

தொலைந்தது நேற்று மாற்றி வரைந்த கொக்கின் கால் மட்டும்.

மார்ச் 30
படங்களைக் கொடுத்தாயிற்று. கொக்கு கொக்காகவே இருக்கிறதாம், இவரே சொன்னார்.

ஏப்ரல் 2
மின்னஞ்சல்: 'பூசணி, முகவரியைப் பாத்துட்டுத் திற.' பார்த்தேன், அவனுடையதுதான். ஆனாலும் போன் செய்து கேட்டேன்.

"நான்தான் அனுப்பினேன், திற."

பழைய புகைப்படம். ஒரே சைக்கிளில் நாங்கள் இருவரும்; ஓட்டுவது நான், பின்னால் என் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு அவன்.

"பாத்தாச்சா? வைக்கிறேன், அக்கா."

"யாருடா பேசுறது?" என்று கேட்டுவிட்டேன். சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

மறுபடி கூப்பிட்டு உறுதி செய்துகொள்ளலாமா என்று யோசித்தேன். வேண்டாம். குரல் அவனுடையதுதான்.