உன் பெயரில் நான் எடுத்த துணிகள்

சுந்தரி அக்கா, உன்னைத் தவிர வேறு யாரும் 'ஏட்டி' என்று கூப்பிட்டுப் பழகாத உன் தங்கை எழுதுகிறேன்.

இன்று காலை எழுந்ததும் பல் கூடத் துலக்காமல் நான் செய்த முதல் வேலை, நேற்று பார்சலில் வந்த துணியைக் கல்லுப்புப் போட்ட வாளித் தண்ணீரில் முக்கியதுதான். சாயம் நிற்கிறதா என்று பார்ப்பது ஒரு சாக்கு. புதுத்துணியின் வாடை போக வேண்டும், கடை மடிப்பின் வரி மறைய வேண்டும். நிழலில் உலர்த்தி, கையாலேயே மடித்து, பீரோவின் கீழ்த்தட்டில் பாச்சை உருண்டைகளுக்கு நடுவே சில நாள் வைத்துவிட்டால் போதும். ரொம்ப காலமாக அங்கேயே கிடந்த துணி மாதிரி ஆகிவிடும். எனக்கு இதில் இப்போது நல்ல கைப்பழக்கம் வந்துவிட்டது. அதை உன்னிடம் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தக் கீழ்த்தட்டு உன்னுடையது. பசுவந்தனையில் உன் வீட்டுக்குப் பார்சல் ஒழுங்காக வந்து சேராது. கொண்டு வருகிறவர் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் நின்றுகொண்டு ஃபோன் போடுவார், நீ காட்டில் உளுந்துக்குக் களை எடுத்துக்கொண்டிருப்பாய், அவர் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார். அதனால் கோவில்பட்டி என் வீட்டு முகவரியைக் கொடுத்து வைத்தாய். ஆன்லைனில் துணியை நீ எடுப்பாய், நான் தைப்பேன். உடனே தைக்காததெல்லாம் என் பீரோவில் கிடக்கும். ஊருக்குக் கொண்டுபோனால் உன் மாமியார், "இருக்கிறது போதாதா?" என்று ஒரு கேள்வி கேட்பார்கள் என்பதும் உனக்கு ஒரு காரணம்.

நீ துணி எடுக்கும் விதமே தனி. பிடித்ததைக் கூடையில் போட்டுவிட்டு வாரக்கணக்கில் வாங்காமல் வைத்திருப்பாய். "கிடக்கட்டும்ட்டி, ஆசை அடங்குதான்னு பாப்போம்" என்பாய். நன்றாக இருக்கிறது என்று எழுதியவர்களை நம்பவே மாட்டாய். திட்டி எழுதியவர்களை மட்டும் வரி விடாமல் படிப்பாய். பன்னா எவ்வளவு, அகலம் குறைந்தால் கைக்குத் துணி எட்டுமா என்று எனக்கு ஃபோன் போட்டுக் கேட்பாய். ஒரு தடவை நான் ஆசைப்பட்டுக் காட்டிய ஆலிவ் பச்சையைப் பார்த்துவிட்டு, "ஃபோன்ல பச்சையா இருக்கும், வீட்டுக்கு வந்தா சாணியா இருக்கும்" என்றாய். வந்தது அப்படித்தான் இருந்தது.

உனக்கு நிறம் என்றால் கருநீலம், கரும்பச்சை, அரக்கு. அதில் மிளகைத் தூவின மாதிரிப் பொடிப் பூ. கரிசலில் நடந்து திரிகிறவர்களுக்கு அழுக்குத் தெரியாத நிறம்தான் வேண்டும் என்பாய். உன் மகள் அபி மஞ்சள் கேட்டு அழுதபோதும் நீ அசையவில்லை.

போன வருசம் உன்னைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த பிறகு நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது. அபிக்குத் தூத்துக்குடியில் காலேஜ் கிடைத்தது. ஹாஸ்டல். நாலு நல்ல துணியாவது வேண்டும். ஆனால் வருசம் திரும்புகிற வரைக்கும் உன் வீட்டில் புதுத்துணி எடுக்கக் கூடாது. பிறந்த வீட்டுக்காரி நான், நான் எடுத்துக் கொடுத்தால் குற்றமில்லை. கேட்டுப் பார்த்தேன். அபி வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். அத்தானும் அவளிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

கடைசியில் உன் மாமியார்தான் ஒரு வழி சொன்னார்கள். "அவ உசுரோட இருக்கையில எடுத்து வச்சது புதுசுல சேராது. அதத் தச்சு உடுத்தட்டும்." அபி அதைப் பிடித்துக்கொண்டாள். அம்மா எடுத்தது மட்டும்தான் உடுத்துவேன் என்று என் வீட்டுக்கு வந்து நின்றாள். உன் தட்டில் வெட்டாத துணி மூன்று இருந்தது. மூன்றையும் தைத்துக் கொடுத்தேன். அரக்கு நிற டாப்பை அவள் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது நான் சமையலறைக்குள் போய்விட்டேன். அந்த அளவுக்கு உன்னை மாதிரி இருந்தாள்.

ஹாஸ்டல் போய்க் கொஞ்ச நாளில் ஃபோன் செய்தாள். "சித்தி, அம்மா துணி இன்னும் இருக்கா?"

மூன்றுதான் இருந்தது என்று சொல்லியிருக்க வேண்டும். அம்மா தீர்ந்துபோய்விட்டாளா என்று அவள் கேட்கிற மாதிரி எனக்குக் கேட்டது. "இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

முதல் துணியை எடுக்கையில் உன்னைப் போலவே எடுக்கப் பாடுபட்டேன் அக்கா. கூடையில் போட்டு வைத்துக் காத்திருந்தேன். திட்டி எழுதியவர்களைப் படித்தேன். கரும்பச்சையில் பொடிப் பூ. நீ இருந்திருந்தால் நீயும் அதைத்தான் எடுத்திருப்பாய். அதனால் அது அவ்வளவு பெரிய பொய்யாக எனக்குத் தோன்றவில்லை. அடுத்ததிலும் பெரிதாகத் தப்பவில்லை. அதற்கப்புறம் என் கண் தன்பாட்டுக்குப் போக ஆரம்பித்தது. இத்தனை வருசம் நீ எடுத்ததைத் தைத்தவள், இப்போது நானே பார்த்து நானே எடுத்தேன். மத்தியானம் வேலை முடிந்ததும் ஃபோனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் பொழுது போவது தெரியாது. துக்க வீட்டுக்காரி நான், அப்படியும் சந்தோசமாக இருந்தேன். இதை எழுதும்போதே கை கூசுகிறது.

அப்படி எடுத்ததுதான் அந்தக் கடுகு மஞ்சள். உள்ளங்கை அகலத்துக்குப் பெரிய பெரிய வெள்ளைப் பூ. அதை எடுக்கும்போது உன்னை நினைக்கவே இல்லை. எனக்கு ஒரு மகள் இருந்தால் எதை உடுத்திப் பார்ப்பேனோ அதை எடுத்தேன். இரண்டும் பையன்களாகப் பெற்றவளுக்கு இப்படி ஒரு ஆசை இருந்தது எனக்கே அன்றுதான் தெரிந்தது. உன் பெயரைப் போட்டுக்கொண்டு நான் அம்மாவாகப் பார்த்தேன் போலிருக்கிறது. இது உனக்குத் தெரிந்தால் கோபப்படுவாயா, சிரிப்பாயா?

தைத்து முடித்ததை அபியிடம் கொடுத்த அன்று அவள் அதை விரித்துப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு துணியை முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள்.

"சித்தி, அம்மா இத எனக்குத் தெரியாம எடுத்து வச்சிருக்கா, பாத்தீங்களா? மஞ்சள் கூடாதுன்னு அம்புட்டுப் பேச்சுப் பேசினா. பெறகு எனக்காகத்தான் எடுத்துருக்கா."

நான் மிஷின் பக்கம் திரும்பிப் பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். "ம்" என்றேன். அதுவரைக்கும் நான் சொன்ன பொய்யெல்லாம் சேர்ந்தாலும் அந்த ஒரு 'ம்' அளவுக்கு வராது.

வீட்டில் இவருக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? வாசலில் பார்சல் வாங்குவது அவர்தானே. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "ஏன், உங்க அக்கா துணி பீரோவுக்குள்ள குட்டி போடுதோ?" என்று கேட்டார். மறைக்க முடியாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "பிள்ள இப்பதான் கொஞ்சம் சிரிக்குது. அதப் போய் நோண்டாத. விட்ரு" என்றார். நானும் விட்டேன். அபியின் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் அவர் சொன்னது சரி என்றுதான் தோன்றியது.

காலேஜில் அவள் நன்றாகப் படிக்கிறாள் அக்கா. ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி வாரம் ஒரு கதை சொல்கிறாள். உங்கள் காட்டில் மக்காச்சோளம் அறுத்து முடிந்துவிட்டது. பன்றிகள் பாதியை அழித்துவிட்டன என்று அத்தான் சொன்னார். அவர் இப்போது சோறு பொங்கப் பழகிவிட்டார், குழம்புதான் இன்னும் வரவில்லை. உன் மாமியார் உன்னைப் பற்றிப் பேசும்போது உன் பெயரைச் சொல்வதில்லை, "எங்க வீட்டுப் பிள்ள" என்கிறார்கள். இதையெல்லாம் முதலில் எழுதியிருக்கலாம். எழுத வந்தது வேறாக இருந்ததால் பின்னால் போய்விட்டது.

போன வாரம் அபி வந்திருந்தாள். உன் வருச நாள் நெருங்குகிறது. அன்றைக்கு உடுத்த ஒன்று வேண்டும் என்றாள். "அம்மா ரொம்ப ஆசப்பட்டு எடுத்தது எதுவோ, அத நீங்களே பாத்துத் தச்சிருங்க சித்தி." சரி என்றேன். அன்று மத்தியானமே ஃபோனை எடுத்து ஒன்றை வாங்கினேன். காலையில் தண்ணீரில் முக்கினேன் என்றேனே, அது அந்தத் துணிதான். உன் படத்துக்கு முன்னால், சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கையில், இது அம்மா எடுத்தது என்று அவள் சொல்லப் போகிறாள்.

அதோடு போயிருந்தால் அவர் சொன்னபடி விட்டிருப்பேனோ என்னவோ. கிளம்புகிற நேரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டே அபி நின்றாள். அன்றைக்கு அவள் போட்டிருந்தது அந்த மஞ்சள்தான்.

"ஒண்ணு கேக்கட்டுமா சித்தி? அம்மாட்ட நான் சண்ட போட்டேன்லா, நீ எனக்குன்னு எதையுமே எடுத்ததில்லன்னு. அன்னைக்கு இந்தத் துணி இங்கன பீரோவுக்குள்ளதான இருந்துருக்கும்? எடுத்து வச்சவளப் பாத்தா நான் அப்படிச் சொல்லிருக்கேன்? அவ ஒண்ணும் சொல்லாம கேட்டுக்கிட்டு இருந்தா சித்தி."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ராத்திரி படுத்தால் இதுதான் நினைப்பு என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

நான் வாசலிலேயே நின்றேன் அக்கா. அவளுக்கு உடுத்தக் கொடுக்கிறேன் என்று நினைத்து நான் என்ன கொடுத்திருக்கிறேன் பார். செய்யாத குற்றத்தை அவள் தலையில் ஏற்றி வைத்திருக்கிறேன். அவள் சண்டை போட்ட அன்று என் பீரோவில் மஞ்சளே இல்லை. அவள் சொன்னது ஒரு பிள்ளை அம்மாவிடம் சொல்லக்கூடிய சாதாரணப் பேச்சு. நீயும் விட்டுக்கொடுக்கவில்லை, அவளும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு பேரும் சமம். நான் நடுவில் வந்து உன்னை நல்லவளாக்கி அவளைக் கெட்டவளாக்கிவிட்டேன்.

அந்தச் சண்டை நடந்த மறுநாள் நீ எனக்கு ஃபோன் போட்டாய், நினைவிருக்கிறதா? வருத்தப்படுவாய் என்று நினைத்தேன். நீ சிரித்தாய். "எம் மகளுக்கு வாய் வந்துருச்சுட்டி. இனி எங்கன கொண்டு போய் விட்டாலும் பொழச்சிக்குவா" என்றாய். அப்படியே சொன்னாய், வார்த்தை மாறவில்லை. இந்த ஒரு வருசத்தில் ஒருநாள்கூட இதை நான் அபியிடம் சொல்லவில்லை. எத்தனை துணி தைத்துக் கொடுத்தேன், இந்த வாக்கியத்தைக் கொடுக்கத் தோன்றவில்லை. துணி கொடுத்தால் அவள் என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். அது எனக்கு வேண்டியிருந்தது. வேறு என்ன காரணம் சொல்வேன்?

வருகிற சனிக்கிழமை அளவு பார்க்க அபி வருகிறாள். அன்றைக்குச் சொல்லிவிடப் போகிறேன். அந்த மூன்றும் அம்மா எடுத்தது, மற்றதெல்லாம் நான் எடுத்தது, மஞ்சளும் நான் எடுத்ததுதான் என்று சொல்வேன். உங்க அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் மஞ்சள் பிடிக்கவில்லை, உன் வாய் பிடித்திருந்தது என்றும் சொல்வேன். வருச நாளில் என்ன உடுத்துவது என்பதை அவளே பார்த்துக்கொள்ளட்டும். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, இவரிடம்கூட. சொன்னால் தடுப்பார். தடுத்தால் எனக்கும் அது வசதியாகப் போய்விடும்.

அவள் என்ன சொல்வாள் என்று தெரியவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். அந்தத் துணிகளை எடுத்து என் முன்னால் போட்டுவிட்டுப் போகலாம். இனி சித்தி வீடே வேண்டாம் என்றும் சொல்லலாம், உன் மகள்தானே. எதுவானாலும் சொல்லிவிடுவேன் அக்கா, இது உனக்குத் தரும் வாக்கு. கோபித்துக்கொண்டு போனாலும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே போவேன். முன்னால் நடக்கட்டும், நான் பின்னால் போகிறேன். அவள் ஏறி உட்கார்ந்து, பஸ் கிளம்புகிற வரைக்கும் நிற்பேன்.

உன் தங்கை,
அபியின் சித்தி,
பத்மா