வத்தல் கண்டெய்னரில் ஒரு கப்பல் சோதனை

பிப்ரவரி 23, ஞாயிறு
பந்தல்குடியில் பெண் பார்த்தோம். பெயர் ப்ரியா. எனக்குப் பிடித்துவிட்டது. அவளுக்கும் சம்மதமாம், அம்மா விசாரித்துவிட்டாள். தயங்குவது அவள் அப்பா தங்கசாமி, மிளகாய் வத்தல் வியாபாரி. "கப்பல் வேலைன்னாக. இவரு கப்பல்லயே ஏறுனதில்லையாம்ல?" என்று கேட்டாராம். உண்மைதான். தூத்துக்குடி கம்பெனியில் சேர்ந்ததிலிருந்து கப்பலைக் கரையில் நின்றுதான் பார்க்கிறேன்.

பிப்ரவரி 25
என் வேலையை விளக்கச் சொன்னார் தங்கசாமி. கப்பலின் அடியில் மூடிய இரும்பு அறைகள் உண்டு. வைஃபை இரும்பைத் தாண்டாது. வயர் இழுக்க ஓட்டை போட்டால் கப்பல்காரர்கள் ஒப்ப மாட்டார்கள். அதனால் உள்ளிருக்கும் சூடு, ஈரம் எல்லாவற்றையும் காதுக்குக் கேட்காத ஒலியாக மாற்றி, அந்த இரும்பு வழியாகவே வெளியே அனுப்புகிறோம் என்றேன்.
"தட்டிப் பாக்குற வேலையா?" என்றார்.
இதற்கா எம்.இ. படித்தேன்?

பிப்ரவரி 27
கப்பல் கிடைக்கத் தாமதமாகும். அதுவரை எங்காவது மூடிய இரும்புப் பெட்டியில் கருவியை ஓட்டிக் காட்டு, கப்பல் சோதனைக்கு உன்னையே அனுப்புகிறேன் என்றார் மேனேஜர். தங்கசாமி கடைக்குப் பின்னால் பழைய கண்டெய்னர் ஒன்று வத்தல் குடோனாக நிற்கிறது. கேட்டேன். சரி என்றார். மாமனாரையும் மேனேஜரையும் ஒரே பெட்டிக்குள் பிடித்துவிடலாம்!

மார்ச் 1
துருவைச் சுரண்டி, கிரீஸ் தடவி, உள்ளே ஒலியை அனுப்ப ஒரு வில்லை, நேரெதிரே வெளியே அதைக் கேட்க ஒரு வில்லை ஒட்டினேன். கதவைச் சாத்தினேன். உள்ளே வைத்த செல்போனுக்கு சிக்னல் அறுந்துபோனது. என் வில்லை பேசியது. ஓர் எழுத்துகூடத் தப்பவில்லை.

மார்ச் 4
விடியற்காலையில் மட்டும் ஈரம் கிடுகிடுவென்று ஏறுகிறது. கண்டெய்னர் ஒழுகுகிறதோ? ஒழுக மழை எங்கே பெய்தது? இந்தக் கரிசல் காட்டில் எனக்கு வியர்ப்பதே காய்ந்துவிடுகிறது.

மார்ச் 5
இருட்டோடு போய்விட்டேன். தங்கசாமி மூட்டைகளைப் பிரித்து, மருந்தடிக்கும் ஸ்பிரேயரால் வத்தலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். விருதுநகர் சந்தைக்குப் போகும் லோடு, எடை கூட வேண்டுமே. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் — கருவி சரி! பைத்தியக்காரன் நான்.
"ரொம்பக் காஞ்சா நொறுங்கிரும் மாப்ளே, அதான்," என்றார்.
மாப்ளே என்று அவர் கூப்பிட்டது இன்றுதான்.

மார்ச் 6
கடைப் பெயர், படம், ஈரக் கணக்கு எல்லாம் ரிப்போர்ட்டில் போகும் என்று அவரிடம் உளறிவிட்டேன். உடனே அம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையே நிச்சயம் வைத்துக்கொள்ளலாமாம், வீட்டு விசயம் வீட்டோடு இருக்கட்டுமாம். எவ்வளவு தங்கமான மனுசன் என்று அம்மாவுக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

மார்ச் 8
"ஈர அளவுகள் நம்பத்தக்கவை அல்ல. கருவிக் கோளாறு."
ரிப்போர்ட்டில் இப்படி எழுதி மேனேஜருக்கு அனுப்பிவிட்டேன். வேறென்ன செய்வேன்?

மார்ச் 9, ஞாயிறு
நிச்சயம் முடிந்தது. வைகாசியில் கல்யாணம்.

மார்ச் 12
கப்பல் சோதனை வேறு ஆளுக்குப் போய்விட்டது. கல்யாணத்துக்கு எத்தனை நாள் வேண்டுமானாலும் லீவு எடுத்துக்கொள் என்கிறார் மேனேஜர்.
சாயங்காலம் ப்ரியா கூப்பிட்டாள். மிஷின் கெட்டுப்போனது நிசமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.
"வத்தல்ல தண்ணி தெளிக்காதீகன்னு ரெண்டு வருசமா எங்கப்பாவோட சண்டை போடுறேன். நீங்க வந்தா எம்பக்கம் ஒரு ஆளு இருக்கும்னு நெனச்சேன்," என்றாள்.