மயூரா சும்மா இருந்த பொழுது

அபிராமபுரம், சென்னை
ஐப்பசி, 1973

என் ஆத்துக்காரருக்கு, கோமளம் அநேக நமஸ்காரம். இங்கு எல்லோரும் க்ஷேமம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை.

இந்த வருஷம் கொலு வைக்கவில்லை. குழந்தை மயூரா போனதிலிருந்து மன்னி என்னோடுதான் இருக்கிறாள்.

டோக்கியோவிலிருந்து உடனே கிளம்ப முடியாத உங்கள் நிலை தெரியும். ஆனால் தந்திக்குப் பிறகு வந்த கடிதத்தில் மயூராவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நீங்கள் வேலை பார்க்கும் பொம்மைப்படக் கம்பெனியில், ஒரு சிறுமி ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருக்கும் காட்சியை வரைவதாக எழுதியிருந்தீர்கள். பேச்சில்லை, பாட்டில்லை, வெட்டிவிடலாமே என்று நீங்கள் கேட்டதற்கு உங்கள் முதலாளி, "அங்கேதான் அவள் நம்மோடு இருக்கிறாள்" என்றாராம். "பெத்த பொண்ணு போயிருக்கா, இவர் பொம்மையைப் பத்தி எழுதறாரே!" என்று மன்னியிடம் அழுதேன்.

மன்னி என்னைத் தனியே விடுவதில்லை. "வெறுமனே உக்காராதேடி, மனசு எங்கேயாவது போயிடும்" என்று ஏதாவது வேலை கொடுத்துவிடுகிறாள். முந்தாநாள் அவள் கேசவப் பெருமாளைச் சேவிக்கப் போயிருந்தபோது கரண்ட் போய் ஃபேன் நின்றது. தெருவிலும் சத்தமில்லை. மயூராவின் பிறந்தநாளை, அவள் பள்ளிக்கூடத்தில் பாடியதை நினைத்துப் பார்த்தேன். முகம் சரியாக வரவில்லை.

பிறகு தானாகவே ஒரு சாயங்காலம் நினைவுக்கு வந்தது. மழை விட்டிருந்தது. கொல்லைப்படியில் மயூரா உட்கார்ந்து, துணிக்கொடியில் தொங்கும் நீர்ச்சொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னடி பண்றே?" என்றேன். "ஒண்ணும் பண்ணலைம்மா" என்றாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். இருவரும் பேசவில்லை. அவ்வளவுதான். முகம் அப்படியே வந்தது. நெற்றியில் ஒட்டிய ஈர மயிர்கூட.

எழுந்து உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். மயூராவைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள். எனக்குத்தான் அன்று தெரியவில்லை.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும். கழுத்துக்குக் கம்பளி சுற்றிக்கொள்ளுங்கள். பெருமாள் உங்களையாவது எனக்கு நன்றாக வைத்திருக்கட்டும்.

லீவு கிடைத்து வரும்போது எனக்கு ஒன்று கொண்டு வருவீர்களா? அவளை வரையுங்கள். படம் காட்டும் மெஷின் இங்கே யாரிடமாவது கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அவள் ஓட வேண்டாம், ஆட வேண்டாம், என்னைக் கூப்பிடக்கூட வேண்டாம். படியில் சும்மா உட்கார்ந்திருக்கட்டும். ஒரே ஒரு தடவை மட்டும் கண்ணை இமைக்கட்டும்.

இப்படிக்கு,
கோமளம்