முகமூடிக்காரன் யார் என்று மதினியும் நானும்

3.10.96 வியாழன்

புழுக்கம். மேகம் மட்டும் காட்டிவிட்டுப் போனது. சாக்கோட்டைக்காரியின் பிளவுஸ் முடிந்தது, ஹூக் பாக்கி. மத்தியானம் பேப்பர் கடையில் வாரப் புத்தகம் வாங்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு. அண்ணன் செத்த பிறகும் அது அண்ணன் வீடுதான். பட்டா மகன் அருள் பெயருக்கு மாறியிருந்தாலும்.

மதினி படுத்தபடியே கேட்டார். நான் வாசிக்க, அவர் படம் பார்க்க. எழுத்து பொடியாகத் தெரிகிறதாம். ‘உப்பு மலை அரசி’ படக்கதையில் இந்த வாரம் முகமூடிக்காரன் (இனி மு.கா.) மறுபடி வந்தான். அரசியைப் பாம்பின் வாயிலிருந்து இழுத்துப் போட்டான். பேச்சில்லை. போய்விட்டான்.

மதினி: “ராசாதான். உப்புப் புயல்ல போன புருசன். அவ கையைப் பிடிக்கையில பெருவிரல எப்படி வச்சிருக்கான் பாரு.”

நான்: “பெருவிரலு எல்லாருக்குந்தான் இருக்கு. இது அரசியோட அண்ணன்காரன் மதினி. சின்னப் பிள்ளையில ஆத்துல விட்டாகளே, அவன். அவன் இடது கைக்காரன். இவனும் வாளை இடது கையிலதான் பிடிக்கிறான்.”

“வரையிறவன் மறந்துபோயி மாத்திப் போட்டிருப்பான்.”

“வருசக் கணக்காவா மறப்பான்?”

பழைய பக்கங்களை எடுத்துப் போட்டோம். வாராவாரம் தொடரை மட்டும் கிழித்து நான் நூல் போட்டுத் தைத்து வைப்பது. கிணற்றுச் சண்டை: இடது கை. கழுகு வந்த வாரம்: வலது. மதினிக்கு ஒரே சிரிப்பு. கழுகு வாரத்தில் இடது கையில் காயக்கட்டு இருப்பதைக் காட்டினேன். சிரிப்பு நின்றது.

“உனக்கு அண்ணன் வேணும், எனக்குப் புருசன் வேணும். ஒத்த ஆளுக்குத்தான் ரெண்டு பேரும் அடிச்சுக்கிறோம்” என்றார். கதை வேறு, குடும்பம் வேறு.

அருள் பள்ளிக்கூடம் விட்டு வந்தான். “பொம்மைக் கதைக்கு இம்புட்டுச் சத்தமா அத்தை?” வாத்தியார் அவன். நான் பள்ளிக்கூட வாசல் மிதித்ததில்லை, கோயில் பாட்டுப் புத்தகத்தில் எழுத்துக் கூட்டிக் கற்றவள்.

மதினி சோற்றை ஒதுக்கி வைத்தார். வயிற்று வலி. சனிக்கிழமை மதுரைக்குக் கூட்டிப் போகிறார்கள்.

7.10 திங்கள்

தூறல். அருள் என் அறைக்கே வந்தான். அவன் இங்கு வந்து எத்தனை நாள் ஆயிற்று. உட்காரவில்லை. மதுரை டாக்டர் ஒன்றும் செய்வதற்கில்லை என்றாராம். ஈரல் வரை பரவிவிட்டது. தீபாவளி தாண்டினால் அதிகம்.

“அம்மாகிட்ட வயித்துப் புண்ணுன்னு சொல்லியிருக்கோம். மாத்திரையில ஆறிரும்னு. தெரிஞ்சா அன்னைக்கே விழுந்துருவாக. உங்க வாயி சும்மா இருக்காது அத்தை. சத்தியம் பண்ணுங்க.”

ஜெபமாலை மேல் கை வைத்துச் சத்தியம்.

அப்புறம் மிஷினில் கால் ஓடவில்லை. கல்யாணமாகி வந்த மறுநாளே என்னோடு சண்டை போட்டவர் மதினி. அம்மியில் யார் அரைப்பது என்று. அதற்கப்புறம் நிறுத்தியதே இல்லை.

10.10 வியாழன்

மழை. புத்தகம் முந்தானைக்குள். பேப்பர் கடை ராவுத்தர் கொடுக்கும்போதே, “முகமூடிக்காரன் ஒருத்தன் இல்லக்கா, ரெண்டு பேரு. இடது கைக்கு ஒருத்தன், வலது கைக்கு ஒருத்தன்” என்றார். அவர் எப்போதும் மூன்றாவது கட்சி.

இந்த வாரம் அரசியின் குழந்தைக்குக் காய்ச்சல். மு.கா. ஜன்னல் வழியே வந்து, ஈரத்துணி நனைத்து நெற்றியில் போட்டுவிட்டுப் போனான்.

மதினி எழுந்து உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் மஞ்சள். “பெத்தவனத் தவிர எவன் வருவான்? இப்பச் சொல்லு.”

சொல்ல நிறைய இருந்தது. மடியில் வைத்துக் காது குத்த மாமன் வேண்டும், காய்ச்சலுக்கு வேண்டாமா? அந்தத் துணியின் கரை, ஆற்றில் விட்ட பையன் இடுப்பில் கட்டியிருந்த கரை. எல்லாம் நாக்கு நுனியில். மதினியின் கழுத்து எலும்பைப் பார்த்தேன்.

“நீங்க சொல்றதுதான் சரின்னு படுது மதினி. ராசாதான்.”

புத்தகத்தை மடியில் இறக்கினார்.

“என்ன சொன்னே?”

“ராசான்னு…”

அருள் மனைவி ஜெயராணியைக் காப்பி போடச் சொல்லி அனுப்பினார். அவள் போனதும் மெதுவாக, “மதுரையில என்ன சொன்னாக?”

அவர் மடியிலிருந்த புத்தகத்தை எடுத்து மடித்தேன்.

“உங்க அண்ணன் சாவுல, மாலைய யாரு முதல்ல போடுறதுன்னு கூட எனக்கு விட்டுக்குடுக்காதவ நீ” என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். காப்பி வந்தது. ஆறிப்போனது.

11.10 வெள்ளி

அருள் தெருவில் வைத்துக் கேட்டான். “ஒரு விசயத்த அடக்கி வைக்க முடியாதா உங்களால?”

“நான் ஒண்ணும் சொல்லல. அவுக சொன்னதுக்குச் சரின்னேன்.”

“என்னைக்குச் சரின்னு சொல்லியிருக்கீக நீங்க?”

அவன் அம்மா எல்லாவற்றையும் அவன் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டாராம். கஞ்சி தொடவில்லையாம். இனி வர வேண்டாம் என்றான். வரமாட்டேன் என்றேன். நான் பிறந்த வீடு அது.

இதுவரை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஒரு தடவை கொடுத்தேன்.

15.10 செவ்வாய்

ஜெபமாலை மாதம், தினம் ஒரு வீட்டில் ஜெபம். இன்று அண்ணன் வீட்டு முறை. தெருவே போனது. நான் போகவில்லை. பாட்டு இங்கே கேட்டது. மதினி குரல் அதில் இல்லை. ஊசி ஒடிந்தது. வாங்க: மிஷின் ஊசி, கறுப்பு நூல், மண்ணெண்ணெய்.

17.10 வியாழன்

புத்தகம் வாங்கினேன். பிரிக்கவில்லை. மதினி இல்லாமல் பிரித்த பழக்கமில்லை.

சாயங்காலம் ஜெயராணி குடையோடு வந்தாள். “அத்தை ஒண்ணுமே பேச மாட்டேங்கிறாக. இன்னைக்கு வியாழக்கிழமையான்னு மட்டும் கேட்டாக. நீங்க வாங்க. உங்க மருமகனை நான் பாத்துக்கிறேன்.”

கூப்பிட வேண்டியவன் கூப்பிடட்டும் என்றேன். நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

வீம்புக்கு ஒரு நாள் போயிற்று. மிச்சம் இருப்பதே கொஞ்ச நாள்.

18.10 வெள்ளி

போனேன், யாரும் கூப்பிடாமல். அருள் வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தான். தலை தூக்கவில்லை. சைக்கிளை நகர்த்தி வழி விட்டான்.

வாசித்தேன். மு.கா. இரண்டே கட்டம், முதுகு மட்டும். “அண்ணன்காரனேதான். அரசிக்கும் இதே சாஞ்ச தோளு” என்றேன், சத்தமாக.

மதினி: “நடிக்காத பாக்கியம். உனக்கு வரல.”

அவ்வளவுதான். இனி நான் எதிர்த்துப் பேசினாலும் இரக்கம், ஒத்துக்கொண்டாலும் இரக்கம். ஒரே ஒரு ‘சரி’யில் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன்.

20.10 ஞாயிறு

பூசை முடிந்து நேரே அங்கே. மதினிக்குக் கால் வீக்கம். பிடித்துவிட்டேன். அவராகவே ஆரம்பித்தார்.

“யோசிச்சுப் பாத்தேன். அண்ணனாவே இருக்கட்டும்.”

“எது?”

“முகமூடிக்காரன். அந்தக் காயக்கட்டு சரிதான். உனக்குத்தான் இன்னும் படிக்க நாளு இருக்கு. நீயே வச்சுக்க.”

எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது எனக்கு.

“யாரும் எனக்குப் பிச்சை போட வேணாம். அது ராசா.”

“அண்ணன்.”

“பெருவிரலு? நீங்கதான காட்டுனீக?”

“பெருவிரலு எல்லாருக்குந்தான் இருக்கு.”

“பிள்ளைக்குக் காய்ச்சல்னா பெத்தவன்தான் வருவான்.”

“அருளுக்கு அம்மை போட்டப்ப அவன் தலைமாட்டுல உக்காந்திருந்தது யாரு? அவுகப்பனா? நீதான. கூடப் பொறந்தவுகளும் வருவாக.”

இத்தனை வருஷத்தில் இதை ஒருநாளும் சொன்னதில்லை மதினி. எனக்குக் கண் கலங்கியது. ஆனாலும் விடவில்லை. “அது வேற. இது ராசா” என்றேன்.

அருள் ஓடி வந்தான். “என்னம்மா சத்தம்?”

“நீ போடா அங்குட்டு. நாங்க பேசிக்கிட்டிருக்கோம்.”

மதினிக்கு மூச்சு வாங்கியது. கஞ்சி கேட்டார். அரை டம்ளர் இறங்கியது. வாயைத் துடைத்துக்கொண்டு, “அண்ணன்” என்றார்.

24.10 வியாழன்

அடைமழை. தெருவில் முழங்கால் தண்ணீர். வலிக்கு ஊசி போட்டிருக்கிறார்கள், மதினி கண் திறக்கவில்லை. ஒவ்வொரு கட்டமாகச் சொன்னேன். அரசி கேட்கிறாள், நீ யார். அவன் கை முகமூடிக் கயிற்றுக்குப் போகிறது. தொடரும்.

“ராசாதான் மதினி” என்றேன் காதருகே.

தலை அசைந்தது. இல்லை என்றுதான் அசைந்தது. அருளும் பார்த்தான். ஸ்டூலை எனக்கு நகர்த்திப் போட்டுவிட்டுப் போனான்.

29.10 செவ்வாய்

விடியலில் மதினி போய்விட்டார். நான்கு மணிக்கு அடக்கம். மாலையை யார் முதலில் போடுவது என்று யாரும் கேட்கவில்லை.

31.10 வியாழன்

வெயில். பேப்பர் கடை. ராவுத்தர் உடனே புத்தகத்தை நீட்டவில்லை. துடைத்து, மடித்து, “கேள்விப்பட்டேங்க்கா” என்றார். காசு வாங்கவில்லை. வைத்துவிட்டேன்.

“முகமூடிய இன்னும் அவுக்கல. எதிரிப் படை வந்து கெடுத்துருச்சு” என்றார். கல்லாவை மூடிக்கொண்டே, “நல்லா யோசிச்சா நீங்க சொன்னதுதான்க்கா. ரெண்டு பேரெல்லாம் இல்ல. அண்ணன்தான்.”

அவர் முகத்தைப் பார்த்தேன். இரக்கம்.

“ராசா” என்றேன்.

“நீங்கதான இம்புட்டு நாளும்…”

“ராசா. புயல்ல பொணம் கிடைச்சுச்சா? கிடைக்கல. கையைப் பிடிக்கையில அந்தப் பெருவிரல் எங்க இருக்குன்னு பாத்தீகளா? பிள்ளைக்குக் காய்ச்சல்னு அவனுக்கு யாரு சொன்னா?” மதினியின் காரணம் ஒன்று விடாமல் சொன்னேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“சரிங்க்கா, சரிங்க்கா” என்றார்.

“சரிங்காதீக” என்றேன். “எதுத்துப் பேசுங்க.”