மூன்றாம் ஓலைக்கு முந்திய இரவு

இந்தக் காகிதம் யார் கையில் கிடைத்தாலும் கும்பிட்டுக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் வேண்டவே வேண்டாம். லூர்து அத்தையிடம் காட்டினால் பேத்துப்பாறை முழுக்கத் தெரிந்துவிடும். எடுத்த இடத்திலேயே, கல்லறைச் சிலுவைக்குப் பின்னால், திரும்ப வைத்துவிடுங்கள். இது என் அப்பாவுக்கு.

என் உயிரான அப்பாவுக்கு,

அம்மா தூங்கிவிட்டாள். இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே எரிகிற சின்னச் சிவப்பு பல்பின் வெளிச்சத்தில் எழுதுகிறேன். காகிதம், பேனா, என் கை எல்லாமே சிவப்பாகத் தெரிகின்றன. வெளியே மேகம் இறங்கி ஜன்னல் கண்ணாடியில் அப்பிக்கிடக்கிறது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் நீங்கள் நிற்பீர்களோ என்று பயம். பெற்ற அப்பாவுக்குப் பயப்படுகிறேன் என்று எழுதக் கை கூசுகிறது.

உங்களுக்கு அங்கே எதுவரைக்கும் தெரியுமோ, எனக்குத் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கும் உங்கள் கூட்டாளி அருள் மாமாவுக்கும் கல்யாணம் பேசியிருக்கிறது. கோயிலில் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. நாளை ஞாயிறு பூசையில் மூன்றாவது.

முதல் ஓலை அன்று, சாமியார் சகாயம், அருள் என்று இரண்டு பேர் பெயரையும் சொல்லி, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து தெரிவிக்க வேண்டும் என்று வாசித்தபோது, குளிருக்கு இருமிக்கொண்டிருந்தவர்கள்கூட இருமலை நிறுத்திவிட்டார்கள். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. பூசை முடிந்து வெளியே வந்ததும் அத்தை என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"தடை இருந்தா சொல்லுங்கன்னு சாமியாரு கேக்குறாருல்ல? பெத்த மக நீ, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"நான் என்ன அத்தை சொல்றது?"

"எந்தம்பி கண்ண மூடிப் படுத்திருப்பான்னா நெனைக்கிற? கல்லறைத் திருநாள் மாசம்டி இது. வருவான் பாரு."

அத்தை கோபத்தில் சொன்னாள். அது அவளுக்கு அங்கேயே மறந்து போயிருக்கும். எனக்கு மறக்கவில்லை.

அம்மா என்னிடம் முன்னாலேயே கேட்டுவிட்டாள் அப்பா. கேரட் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "மூணாவது ஓலை வாசிக்கிற வரைக்கும் ஒனக்கு நேரம் இருக்கு அமலி. வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லு, அம்மா விட்டுர்றேன். ஏன்னு கேக்க மாட்டேன்." நான் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நாளைக் காலையோடு அந்த நேரம் முடிகிறது.

உங்களைப் பற்றி யோசிக்காமல் நான் எப்படி அப்பா பதில் சொல்வது? அருள் மாமா வேறு யாரோ இல்லையே. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஓட்டிய வேன். வட்டக்கானலில் ஆட்களை இறக்கிவிட்டு வெறும் வண்டியில் வீட்டுக்குத் திரும்பிய அன்று, ஹெட்லைட்டுக்கு முன்னால் மேகம் வெள்ளைச் சுவர் மாதிரி நின்றது. மலையில் எல்லா டிரைவர்களும் செய்வதைத்தான் நீங்களும் செய்தீர்கள். மாமா ஸ்டியரிங்கில் இருந்தார். நீங்கள் முதுகில் வெள்ளைத் துண்டைப் போர்த்திக்கொண்டு முன்னால் நடந்தீர்கள். அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே வண்டி ஊர்ந்தது. ஹாரனை ஒரு தட்டு தட்டினால், நில். இரண்டு தட்டினால், இடப்பக்கம் ஒதுங்கி ஏறிக்கொள். பள்ளத்து வளைவு தாண்டிவிட்டது என்று நினைத்து மாமா இரண்டு தட்டினார். தாண்டவில்லை. நீங்கள் ஒதுங்கினீர்கள்.

கால் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்துவிட்டீர்கள் என்றுதான் ஊர் நினைத்தது. ஹாரன் அடித்தது உங்களுக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் மாமா நம் வீட்டு வாசலில் வந்து நின்று சொன்னார். அம்மா கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு அவர் வண்டி ஓட்டவே இல்லை. பூண்டுக் காட்டில் கூலிக்குப் போகிறார்.

அம்மாவை அவர் ஏமாற்றிவிட்டார் என்று அத்தை சொல்கிறாள். அப்படி இல்லை அப்பா. நான் கூடவே இருந்து பார்த்தேன். அவர் கேட்டுக்கு வெளியே விறகுக் கட்டு வைத்துவிட்டுப் போவார். அம்மா தொட மாட்டாள். மழையில் நனைந்து, காளான் முளைத்து, அதன்மேல் அடுத்த கட்டு வந்து உட்காரும். ஒரு பெரிய வெள்ளி அன்று கோயிலில் சிலுவையை முத்தமிட வரிசை நின்றது. மாமாவின் முறை வந்தது. குனிந்தவர் முத்தமிடாமல் வரிசையை விட்டு விலகி வெளியே போய்விட்டார். பின்னால் நின்ற அம்மா அதைப் பார்த்தாள். மறுநாள் அவர் விறகை இறக்கும்போது கேட்டுக்குப் போய் நின்றாள்.

"நனைஞ்ச வெறக வச்சு நான் என்னத்தங்க எரிக்கிறது? நனையாம கொண்டாந்து போடத் தெரியாதா ஒங்களுக்கு?"

மாமா நிமிர்ந்தார். "தார்ப்பாய் போட்டு மூடி வைக்கிறேங்க" என்றார்.

ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து அவர்கள் பேசிய முதல் பேச்சு இவ்வளவுதான். அன்று ராத்திரி அம்மா அடுப்படியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். பிறகு ஈர விறகையே ஊதி ஊதி எரித்தாள். இப்போதெல்லாம் வேலை செய்துகொண்டே பாடுகிறாள். நீங்கள் இருந்தபோது பாடிய பாட்டு இல்லை, வேறு பாட்டு. அது எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காமலும் இல்லை.

இனிமேல் சொல்லப்போவதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

இந்தத் திங்கட்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து கடைசி பஸ்ஸில் வந்து இறங்கினேன். நம் பேரித்தோட்டத்துப் பாதை மேகத்தில் மூடிக் கிடந்தது. நாலு எட்டுக்கு முன்னால் எதுவும் தெரியவில்லை. அப்போது எனக்கு முன்னால் ஒரு வெள்ளைத் துண்டு போனது. தலை தெரியவில்லை, கால் தெரியவில்லை. துண்டு மட்டும். நான் நின்றால் அதுவும் நின்றது. நடந்தால் நடந்தது. நம் கேட் வந்ததும் மேகத்துக்குள் கரைந்துவிட்டது. வீட்டுக்குள் வந்து ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு படுத்தேன். அத்தை சொன்னது நடந்துவிட்டது என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமையும் வந்தது. புதன்கிழமை தாங்க முடியாமல் "இயேசுவே இரட்சியும்" என்று கத்திவிட்டேன். துண்டு இருமியது.

"நாந்தான் பாப்பா, அருளு. பயந்துட்டியா? காட்டுமாடு எறங்குதுன்னு சொன்னாய்ங்க, அதான் முன்னால நடக்குறேன். திரும்பினா மொறைப்பியேன்னு திரும்பல."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தது தெரியக்கூடாது என்று பேசாமல் நடந்தேன். வியாழக்கிழமை பயமில்லாமல் பின்னாலேயே போனேன்.

நேற்று வெள்ளிக்கிழமை மேகம் இன்னும் கெட்டியாக இருந்தது. துண்டு முன்னால் போனது. இருமவில்லை. எனக்குக் கால் வலித்தது. ஓலை வாசித்த பிறகு அவரோடு நான் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை, ஆனாலும் கேட்டுவிட்டேன். "மெதுவாப் போங்க, காலு வலிக்குது." துண்டு மெதுவாகப் போனது. வழி பிரியும் இடத்தில், எப்போதும் இறங்குகிற குறுக்குப் பாதையில் இறங்காமல், ரோட்டோடு சுற்றிப் போனது. ஏன் என்று கேட்கவில்லை. கீழே, குறுக்குப் பாதைப் பக்கம், ஏதோ பெரிதாக மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. கேட்டை எட்டியபோது துண்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மழையே பெய்யவில்லை.

இன்று காலையில் அம்மா வந்து சொன்னாள். குறுக்குப் பாதையில் கன்றோடு காட்டுமாடு நின்றிருக்கிறது. சௌசௌ பந்தல் முழுக்க மிதிபட்டுக் கிடக்கிறதாம்.

சாயங்காலம் மாமா வந்தார். அம்மா உங்கள் கல்லறையில் புல் பிடுங்கப் போயிருந்தாள். நான் கேட்டுக்குப் போய், "நேத்து நல்ல வேளை ரோட்டு வழியாக் கூட்டிட்டு வந்தீங்க மாமா" என்றேன்.

"நேத்தா?" என்றார். "நேத்து நான் வத்தலக்குண்டுல கெடந்தேன் பாப்பா. பூண்டு லாரில லோடுக்குக் கூடப் போனேன். காலையிலதான் பஸ்ஸு ஏறி வந்தேன். நீ தனியா வருவியேன்னு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மெதுவாகப் போகச் சொன்னது, துண்டு கேட்டுக்கொண்டது, தண்ணீர் சொட்டியது எல்லாம். சொல்லச் சொல்ல அவர் முகம் சாம்பல் பூத்துப் போனது. தோளில் கிடந்த துண்டை எடுத்து, மடித்து, கேட் மேல் வைத்தார்.

"ஒங்கப்பன் சூசை என்னைய நம்பல பாப்பா. எங்கையில ஒன்னைய விட அவனுக்கு மனசில்ல. அதான் அவனே வந்துட்டான்."

"அப்படியெல்லாம் இல்ல மாமா."

"நான் சாமியார்ட்ட சொல்லிர்றேன், மூணாவது ஓலை வாசிக்க வேணாம்னு. அம்மாட்ட நானே சொல்லிக்கிறேன். நீ எதும் சொல்லிராத."

போய்விட்டார். அம்மா இருட்டுகிற நேரத்தில் கையெல்லாம் மண்ணோடு வந்தாள். கேட் மேல் இருந்த துண்டைப் பார்த்து, "மறந்து வச்சிட்டுப் போயிருக்காரு பாரு, இவருக்கு ஒரு சோலி உருப்படியாத் தெரியாது" என்று சிரித்துக்கொண்டே உள்ளே எடுத்து வந்தாள். நாளைக்குக் கட்டுகிற சேலையை எடுத்து வெளியே வைத்தாள். வெள்ளனே எழுந்திருக்கணும் என்று படுத்துவிட்டாள். அவளுக்கு எதுவும் தெரியாது அப்பா. தூக்கத்திலும் அவள் முகம் சிரித்த மாதிரியே இருக்கிறது. நான் வேண்டாம் என்று சொல்லாமலே எல்லாம் நின்றுபோகப் போகிறது. அப்படி நின்றால் எனக்கு நிம்மதியாக இருக்கும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை.

ஏன் வந்தீர்கள் அப்பா? மாமா சொல்வது சரியா? அவரை விரட்டத்தான் வந்தீர்களா? இல்லை, அத்தை கூப்பிட்டதால் வந்தீர்களா? உங்கள் துண்டு ஏன் அவ்வளவு ஈரமாக இருந்தது? அங்கேயும் மேகம்தானா?

வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். உங்களுக்குக் காய்ச்சல் என்றால் உங்கள் டிரிப்பை மாமா ஓட்டுவார். அவருக்கு ஊருக்குப் போகணும் என்றால் நீங்கள் போவீர்கள். மாத்து ஓட்டுவது என்பீர்கள். அதற்கு நன்றிகூடச் சொல்லிக்கொள்ள மாட்டீர்கள். ஸ்டாண்டில் ஒருத்தரோடு நீங்கள் சண்டை போட்டுப் பேசாமல் இருந்தீர்களே, அவர் எவ்வளவு கெஞ்சியும் அவருக்கு நீங்கள் மாத்துப் போகவில்லை. "மனசுல ஒண்ணும் இல்லாதவனுக்குத்தான் மாத்துப் போக முடியும், இல்லன்னா வழியெல்லாம் வயிறெரியும்" என்று அம்மாவிடம் சொன்னீர்கள்.

மாமா நடந்த நாளெல்லாம் நீங்கள் வரவில்லை. அவர் வர முடியாத ஒரு நாள் வந்தீர்கள். அவர் நடந்த மாதிரியே, திரும்பிப் பார்க்காமல், அவர் விட்டுப்போகிற அதே இடத்தில் விட்டுவிட்டுப் போனீர்கள். நம்பாதவர் செய்கிற வேலையா இது? அவருக்கு நீங்கள் மாத்துப் போயிருக்கிறீர்கள் அப்பா. எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. தப்பாக இருந்தால் எப்படியாவது சொல்லிவிடுங்கள். ஆனால் ஜன்னலில் வந்து சொல்லாதீர்கள், எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.

ஒரு சத்தியம் செய்கிறேன். அவரை எப்போதும் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அப்பா என்று ஒருத்தர்தான். பூசைக்கு முன்னால், முதல் ஆளாக நான் சாமியாரிடம் போய்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

அம்மா அசைகிறாள். "யாரது?" என்கிறாள். வெளியே இருமல். "சகாயம், நாந்தாங்க அருளு. ஒரு விஷயம் சொல்லிட்டு வெரசாப் போயிர்றேன்."

அம்மா எழுந்து அவர் துண்டைத் தேடுகிறாள். அவர் வாயைத் திறப்பதற்குள் எனக்குச் சம்மதம் என்று நான் சொல்லியாகணும். அம்மாவுக்கு முன்னால் நான் கதவுக்குப் போகணும். போகிறேன் அப்பா.

என்றைக்கும் சூசை மகள்,
அமலி