சந்தனப் பொட்டு வைத்த பெட்டி

செப். 29, திங்கள்

மழை. காலை ஏழு மணிக்கும் விளக்குப் போட வேண்டியிருந்தது. பேர்ன் ஆஸ்பத்திரியில் மூன்றாம் மாடி முழுவதையும் துடைத்தது நானும் பவளம் அக்காவும்தான். மற்ற இருவரும் சுகயீன லீவு. எனக்கு இடுப்பு வலி.

வீட்டுக்கு வந்து மெயிலைத் திறந்தால் மறுபடியும் பெயில். பெட்டிக்காரரின் சோதனையில் இது மூன்றாம் தடவை.

(பெட்டிக்காரர் என்றால் கேம் பெட்டி செய்கிற கம்பனி. அவர்களோடு எங்களுக்கு என்ன பேச்சு என்று வெளியில் மூச்சு விடக்கூடாதாம், ஒப்பந்தம். டயரியில் கூடப் பெயர் எழுதாமல் பழகிவிட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.)

இந்தத் தடவை சொன்ன குறைகள்:

– கன்ட்ரோலர் கழன்றால் கேம் அப்படியே நிற்க வேண்டும். எங்களுடையதில் சோறு தொடர்ந்து வேகிறது. என்னோடு சேர்ந்து கேம் செய்கிற கார்த்திக் போனில்: "அதுதாங்க ரியலிசம்!"
– "சேமிக்கிறது, அணைக்க வேண்டாம்" என்ற வசனம் அவர்கள் தந்த சொற்களிலேயே இருக்க வேண்டும். தமிழுக்கு அவர்கள் சொற்களே தரவில்லை.
– அவர்களின் மொழிப் பட்டியலில் தமிழ் கிடையாது. அதனால் கடைப் பக்கத்தில் "தமிழ்" என்று போட முடியாது. வீட்டுக்குள் தமிழ் பேசலாம், வாசலில் சொல்லக்கூடாது என்பது போல.

முதல் இரண்டும் ஒரு நாள் வேலை. மூன்றாவதற்கு நான் என்ன செய்ய?

மூன்று வருடம் இந்தக் கேமோடு. பெயர் "ஒப்படைப்பு". கலியாணத்துக்கு வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட மண்டபம். இருவர் சேர்ந்து விளையாட வேண்டும். ஒருவர் சமையல், ஒருவர் பந்தி. சனம் போனதும் இரண்டு பேரும் கழுவித் துடைத்து, ஞாயிறு காலை எட்டு மணிக்கு வருகிற ஹவுஸ்வார்ட்டிடம், அதாவது கட்டடப் பொறுப்பாளரிடம், திறப்பை ஒப்படைக்க வேண்டும். அவர் அலுமாரிக்கு மேலே விரலால் ஒரு தடவு தடவுவார். தூசி இருந்தால் தோல்வி. இந்த நாட்டில் கலியாணம் நடத்திய எந்தத் தமிழருக்கும் அந்த விரலைத் தெரியும்.

வெளியீடு தீபாவளிக்கு முந்திய வெள்ளி. துப்புரவுப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் நாற்பத்தொரு பேர் காத்திருக்கிறார்கள். ஒருத்தியிடமும் நல்ல கொம்பியூட்டர் இல்லை. எல்லார் வீட்டிலும் டிவிக்குக் கீழே பிள்ளைகளின் கேம் பெட்டி இருக்கிறது. அதனால்தான் பெட்டிக்காரரின் காலைப் பிடித்தோம்.

வாங்க: கற்பூரம், பால், டூத்பிரஷ் (கீபோர்ட் துடைக்க).

ஒக். 1, புதன்

ஆயுத பூசை. குளிர், ஆனால் வெயில்.

டெவ்கிட்டையும் கோயிலுக்குக் கொண்டுபோனேன். அதுதான் பெட்டிக்காரர் எங்களுக்கு இரவல் தந்த கறுப்புப் பெட்டி, கேமைப் பரிசோதிப்பதற்கு. பெரிய துவாயால் சுற்றி, ஷொப்பிங் வண்டிலில் வைத்து, ரெயினில். அது இல்லாமல் நான் என்ன ஆயுதத்தை வைக்கிறது? கரண்டியையா?

கோயிலில் வரிசையாக: தலைமயிர் வெட்டும் கத்தரிக்கோல், டாக்சித் திறப்பு, தையல் மெஷின், இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, ஒரு குழந்தையின் ஊதுகுழல். பவளம் அக்கா மொப்பின் தலையை மட்டும் கழற்றித் தோய்த்துக் காயவைத்துக் கொண்டுவந்திருந்தா. அதற்குப் பக்கத்தில் என் பெட்டி.

ஐயர் சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார். "இது என்ன பிள்ளை?"

"என்ர ஆயுதம், ஐயா."

மேலே நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம், ஒரு செவ்வந்திப் பூ. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று தடவை பெயிலான சாமானுக்கு முதல் தடவையாக ஒருவர் மரியாதை செய்கிறார்.

"அக்கா, ஒரு படம் எடுங்கோ," என்றேன். எடுத்தா.

ஒக். 2, வியாழன்

விஜயதசமி. பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து வேலை தொடங்கினேன். கன்ட்ரோலர் கழன்றால் சோறு இப்போது நிற்கிறது. கார்த்திக் மனமில்லாமல் சம்மதித்தார். நாலாம் தடவை அனுப்பியாயிற்று. வடை மிச்சம் ஆறு.

ஒக். 6, திங்கள்

பவளம் அக்கா அன்றைக்கே படத்தைத் தன் ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறா. அங்கிருந்து யாரோ எடுத்து, கேம்காரர் கூடுகிற ஒரு தளத்தில் ஏற்றிவிட்டார்கள். வெளியில் எவரும் பார்க்கக்கூடாத பெட்டி, நெற்றியில் பொட்டோடு, மொப்புக்குப் பக்கத்தில். சிரிப்பு, கும்பிடுகிற கை, இதயம். உலகம் முழுக்கப் போயிருக்கிறது. படத்தைப் பெருப்பித்தால் பக்கவாட்டில் எங்கள் பெட்டியின் பதிவிலக்கம் தெரிகிறது.

இன்று மத்தியானம் மெயில். கணக்கு முடக்கம். நாலாம் சோதனை நிறுத்தம். பெட்டி பதிவு செய்த முகவரியை விட்டு வெளியே போனது மீறல், அந்நியருக்குக் காட்டியது மீறல்.

ஒப்பந்தத்தில் அந்தப் பக்கத்தை நான் வாசித்திருந்தேன். கையெழுத்தும் வைத்தேன். ஆனால் சாமிக்கு முன்னால் வைப்பது "காட்சிப்படுத்தல்" என்று ஒரு கணமும் தோன்றவில்லை. பிழை என்னுடையது. ஒத்துக்கொள்கிறேன்.

முடக்கத்தை நீக்க மூன்று வேண்டுமாம்:
1. மன்னிப்புக் கடிதம்.
2. படம் எடுத்தவரின் முழுப்பெயர், முகவரி.
3. பெட்டியைப் பார்த்த எல்லாருடைய பெயர்ப் பட்டியல்.

வெள்ளிக்குள் கொடுத்தால் தீபாவளி வெளியீடு தப்பும்.

ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்.
பார்த்தவர்கள்: (1) சரஸ்வதி, வெண்தாமரை, வீட்டு இலக்கம் தெரியாது. (2) ஐ

அதற்கு மேல் பேனை ஓடவில்லை. கிழித்துப் போட்டேன்.

ஒக். 7, செவ்வாய்

இடைவேளை அறை. கோப்பி மெஷின் பழுது. பவளம் அக்காவிடம் எல்லாம் சொன்னேன். முதலில் அழுதா. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு:

"என்ர பேரைக் குடு பிள்ளை. எனக்கென்ன, இந்த வயசில என்னைத் தூக்கிக் கொண்டு போகப் போறாங்களோ?"

சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டா. ஊரில் அப்படிப் போனவர்களை இரண்டு பேருக்கும் தெரியும்.

கொஞ்சம் கழித்து, "தீபாவளிக்கெண்டு எல்லாரும் பாத்துக்கொண்டிருக்கினம். நான் ரெண்டாவது கன்ட்ரோலரும் வாங்கி வச்சிருக்கிறன். அவரும் விளையாடுறன் எண்டவர். நீ பேரைக் குடு."

"உங்கட பேர் மட்டும் காணாது அக்கா. கோயிலுக்கு வந்த எல்லாரும் வேணுமாம்."

"எல்லாருமோ? பூசைக்கு வந்த சனத்தையோ?"

"ஓம்."

மொப் வாளியை எடுத்துக்கொண்டு எழும்பினா. "அப்ப குடாத," என்று வாசலில் நின்று சொன்னா. பிறகு போனா.

ஒக். 9, வியாழன்

வேலை முடிந்து ரெயினில் ஃப்ரிபூர்க் ஊருக்கு. கார்த்திக்கைப் பார்க்க. நிலையத்துக்குப் பக்கத்துக் கடை, பிரெஞ்சில் சத்தம். கா. பகலில் வேறு கம்பனியில் வேலை. அவருடைய வதிவிடப் பெர்மிட்டில் சொந்தத் தொழில் செய்ய முடியாது, அதனால் எங்கள் கேம் கம்பனி என் பெயரில். கடிதம் எல்லாம் எனக்குத்தான் வரும்.

"ஏங்க, இது வெறும் பாலிசி. எல்லா கம்பெனியும் கேப்பாங்க. ஒரு ஃபார்ம், அவ்வளவுதான். பத்துப் பேர் பேரப் போட்டு அனுப்பிடலாம்."

"பத்துப் பேரை ஆர் தெரிவு செய்யிறது?"

"நீங்க இதப் பெரிசாக்கறீங்க தர்ஷினி."

அப்போது சொன்னேன். மூன்று வருடத்தில் சொல்லாததை. ஆமி ஊரைச் சுற்றி வளைத்து ஆம்பிளைகளை வரிசையில் விட்டது. ஜீப்புக்குள் முகத்தை மூடிய ஒருவன், ஆளைக் காட்டிக்கொடுக்கிற தலையாட்டி. கையில் ஒரு பெயர்ப் பட்டியல். அப்பா முன்னால் வந்தபோது தலை ஆடியது. அப்பா திரும்பி வந்தார், வேறு பலர் வரவில்லை. தபால்பெட்டியில் பெயர் ஒட்டியே ஆக வேண்டிய இந்த நாட்டிலும், அப்பாவின் பெட்டியில் இன்றுவரை ஒரு எழுத்துத்தான்.

இது ஆமிக்காரன் இல்லை, கேம் கம்பனிதான் என்று எனக்கும் தெரியும். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் கும்பிட வந்த சனத்தின் பெயரை எழுதிக் கொடுக்கிற கை என்னிடம் இல்லை.

கா. கோப்பியை வெகுநேரம் கலக்கினார். சீனி போடாத கோப்பி.

"எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க."

"தெரிஞ்சிருக்க வேண்டிய அவசியம் இல்லை."

"மூணு வருஷம், தர்ஷினி."

"ஓம். மூண்டு வருஷம்."

"சரி. அனுப்ப வேண்டாம்."

ரெயினில் அழுதேன். கோபத்தில் பாதி, மிச்சம் நாற்பத்தொரு பேரை நினைத்து. பேர்ன் வரும்போது கோபம் மட்டும் மிச்சம்.

ஒக். 10, வெள்ளி

அனுப்பினேன். ஆங்கிலத்தில், கா. ஒரு எழுத்துப்பிழை திருத்தினார். சாரம்:

பெட்டியை வெளியே கொண்டுபோனது நான். படம் எடுக்கச் சொன்னது நான். மன்னிப்புக் கேட்கிறேன். உங்களுக்குப் பெயர் வேண்டுமென்றால் என் பெயர் இருக்கிறது, முகவரி இருக்கிறது. மற்றவர்கள் கும்பிட வந்தவர்கள். அவர்களின் பெயரை நான் யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை.

ஒரு வரியைக் கா.வும் சேர்த்தார்: உங்கள் மொழிப் பட்டியலில் தமிழையும் போடுங்கள். கேட்காமல் சேர்த்ததற்குத் திட்டினேன். பிறகு விட்டேன், இருக்கட்டும் என்று.

மறக்காமல்: குளிர் சப்பாத்து தைக்கக் கொடுக்க.

ஒக். 15, புதன்

பதில் வந்தது. ஒப்பந்தம் முடிவு. "ஒப்படைப்பு" அவர்களின் பெட்டியில் வராது. மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது. நாலாம் சோதனை பாஸா பெயிலா என்றுகூடச் சொல்லவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விட எரிகிறது.

பெட்டியை ஒரு வாரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும்: "சுத்தமாக, ஒட்டுக்கள், எழுத்துக்கள், அடையாளங்கள் எதுவுமின்றி, பெற்றுக்கொண்ட நிலையிலேயே."

கா.வுக்கு வாசித்துக் காட்டினேன். "திரும்ப வாசிங்க," என்றார். பிறகு: "இவங்கதாங்க நம்ம ஹவுஸ்வார்ட்டு." சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் எடுத்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி சுவரில் தட்டினாள்.

குழுவில் எழுதினேன்: பெட்டியில் வராது, கொம்பியூட்டரில் வெள்ளி வரும், மன்னியுங்கோ. ஆறு பேர் அழுகிற முகம். ஒருத்தி: "அப்ப எங்களுக்கு இல்லையோ?"

ஒக். 18, சனி

நேற்று வெளியிட்டோம். கொம்பியூட்டர் கடையில் மொழி என்ற இடத்தில் முதலாவதாகத் தமிழ். வாசலிலேயே.

இன்று கா.வின் பழைய லாப்டொப்பைத் தூக்கிக்கொண்டு பூம்ப்ளிஸ், பவளம் அக்கா வீடு. டிவியில் வயரைக் குத்தினோம். அக்காவின் கன்ட்ரோலரைக் கேபிளில் போட்டால் உடனே வேலை செய்கிறது! பெட்டிக்காரருடைய கன்ட்ரோலர்தான். அதற்கு ஒப்பந்தம் தெரியாது.

அறையில் ஏழு பெண்கள், ஒரு கணவர், ஒரு சட்டி கடலை. அக்கா சமையல், அவர் பந்தி.

"இஞ்சாருங்கோ, பாயாசம் போகேல்லை! நாலாம் வரிசை!"

"நீர் முதல் சோத்தைப் பாரும்!"

சோறு கரிந்தது. பந்தியில் சண்டை. ஆனால் கழுவுகிற கட்டம் வந்ததும் சண்டை நின்றது. எல்லாரும் குனிந்து டிவியைப் பார்க்கிறார்கள், மூலை முடுக்கு தெரிந்தவர்கள். "அடுப்புக்குப் பின்னால, அடுப்புக்குப் பின்னால!" என்று ஏழு குரல். ஹவுஸ்வார்ட்டின் விரல் அலுமாரி மேல் போனபோது அக்கா கத்தினா:

"அந்த விரலை முறிக்க ஒரு பட்டன் இல்லையோ?"

(கா.வுக்குச் செய்தி அனுப்பினேன். "அடுத்த அப்டேட்டுல வெச்சிடலாம்." யாரிடமும் சோதனைக்கு அனுப்பத் தேவையில்லை.)

லாப்டொப் ஒன்று, வீடு நாற்பத்தொன்று. அடுக்குமாடியில் எல்லாரும் முறை வைத்து உடுப்புத் தோய்க்கும் அறையில் ஒட்டுகிற அட்டவணை போல ஒன்று போட்டோம். இன்று இங்கே, செவ்வாய் அடுத்த வீடு. முறை வர தைப்பொங்கல் தாண்டும் சிலருக்கு. இது வெற்றி இல்லை, எனக்குத் தெரியும். அட்டவணையில் பெயர் எழுதவில்லை, திகதி மட்டும் போட்டோம். பவளம் அக்காதான் அப்படிச் சொன்னா.

ஒக். 20, திங்கள்

தீபாவளி. லீவு கிடைத்தது. எண்ணெய் வைத்து முழுகி, பெட்டி கட்ட உட்கார்ந்தேன்.

காற்றுத் துவாரம் ஒவ்வொன்றையும் பஞ்சுக் குச்சியால். வயர் எல்லாம் ஒரே அளவுச் சுருளாக. கைரேகை ஒன்று இல்லை. அடியில் கார்த்திக் ஒட்டிய பூனை ஸ்டிக்கரை ஹெயார் டிரையரால் சூடாக்கி, பசை தெரியாமல் எடுத்தேன். துடைக்கத் துடைக்கக் கை தானாகப் போகிறது, இருபது வருடப் பழக்கம். வாடகை வீடு, மண்டபம், ஆஸ்பத்திரிக் கட்டில், இந்த நாட்டில் எதைத் திருப்பிக் கொடுத்தாலும் பளிச்சென்று கொடுத்திருக்கிறேன். ஒருவரும் ஒரு தூசி காட்டியதில்லை.

நடுவில் சந்தனம். காய்ந்து வெடித்திருந்தது, ஆனால் குங்குமம் அப்படியே சிவப்பு. ஈரத்துணி கையில் இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். துணியைக் கொண்டுபோய்க் கொடியில் போட்டுவிட்டு வந்தேன்.

உதிராமல் இருக்க மேலே மெல்லிய தாள் வைத்து மூடினேன்.

தபாலகத்தில் எனக்கு முன்னால் நாலு பேர். அவர்கள் அனுப்பிய படிவத்தை அங்கே நின்றே நிரப்பினேன். அடையாளங்கள் அனைத்தும் நீக்கப்பட்டனவா, ஆம் / இல்லை.

இல்லை என்பதில் புள்ளடி. கீழே என் பெயரை எழுதினேன், அப்பாவின் பெயரோடு, முழுவதும்.